யார் வழியில் வந்தது இந்தச் சர்க்கரை?

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. எட்டு வயது மகன் ஒரு மாதமாக இளைத்துக்கொண்டே போனான். ராத்திரியில் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தான். ஒரு நாள் வாந்தி, மூச்சிரைப்பு. மருத்துவமனையில் பார்த்தால் சர்க்கரை 500-க்கு மேல். டைப் 1 சர்க்கரை நோய், இனி இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு "நோய் எதிர்ப்பு மண்டல மரபணு" என்று மருத்துவர் ஒரு வரியில் முடித்துக்கொண்டார். அந்த ஒரு வரி வீட்டுக்கு வந்து, "எங்க பக்கம் குழந்தைக்கு யாருக்கும் இல்லை, உன் வழியிலதான் வந்திருக்கு" என்று மாமியார் சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. உங்கள் அப்பாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் வந்த சர்க்கரை இருக்கிறது. நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு மரபணுப் பரிசோதனை எடுக்கலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை மாற்று அறுவைக்குத் திசுப் பொருத்தம் பார்க்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். உங்கள் மருத்துவர் சொன்ன அந்த மரபணுக்களைத்தான் நாங்கள் தினமும் படித்துக்கொண்டிருந்தோம். அதனால் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது பெரும்பாலும் இரண்டு வழியிலிருந்தும் சேர்ந்து வருவது, மகளுக்கு மரபணுப் பரிசோதனையால் பெரிய பயன் இல்லை, அவளுக்குப் பயன்படக்கூடியது வேறொரு ரத்தப் பரிசோதனை.

முதலில் உங்கள் அப்பாவை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடலாம். அவருக்கு இருப்பது டைப் 2. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம். அவர் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் அது சரியாக வேலை செய்யவில்லை, காலப்போக்கில் போதவும் இல்லை. உங்கள் மகனுக்கோ கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே அவனுடைய வெள்ளை அணுக்கள் அழித்துவிட்டன. இன்சுலின் சார்ந்த நீரிழிவு என்று முன்பு பாடப்புத்தகங்களில் இருந்த பெயரை 1997-இல் கைவிட்டு டைப் 1 என்று மாற்றியதற்கு ஒரு காரணம், டைப் 2 உள்ளவர்களும் கடைசியில் இன்சுலின் போடவேண்டி வருவதால் அந்தப் பெயர் எதையும் பிரித்துக் காட்டவில்லை என்பதுதான். 1965-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வில்லி கெப்ட்ஸ், நோய் வந்த சில வாரங்களிலேயே இறந்துபோன இளம் நோயாளிகளின் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, பீட்டா செல்கள் இருக்கும் சிறு திட்டுகளை வெள்ளை அணுக்கள் மொய்த்திருப்பதைக் கண்டார். சண்டை உள்ளுக்குள் நடப்பது என்று தெரிய ஆரம்பித்தது அங்கிருந்துதான். உங்கள் அப்பாவின் நோய்க்கும் இதற்கும் மரபணு அளவில் ஒட்டு உறவு மிகக் குறைவு.

இனி அந்த மரபணுக்கள். எச்எல்ஏ என்று பெயர். ஆறாவது குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரே தெருவில் வரிசை வீடுகள் போல நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. மனிதனுக்கு மனிதன் மிக அதிகமாக மாறுபடும் மரபணுக்கள் இவை. ஒருவர் சிறுநீரகம் இன்னொருவருக்கு ஒட்டாமல் போவது இவற்றால்தான். ஆனால் இயற்கை இவற்றை வைத்திருப்பது நம் அறுவை சிகிச்சையைக் கெடுக்க அல்ல. செல்லுக்குள் அகப்பட்ட புரதங்கள் துண்டு துண்டானதும், அந்தத் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுவது இவற்றின் வேலை. அதைப் பார்த்துத்தான் டி செல் என்னும் வெள்ளை அணு "இது நம் ஆள், இது வெளியாள்" என்று முடிவு செய்கிறது.

எச்எல்ஏவைப் பணியாரக் கல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குழியின் அளவும் ஆழமும் கல்லுக்குக் கல் வேறு. புரதத் துண்டின் சில முனைகள் அந்தக் குழிகளில் சரியாகப் பதிந்தால்தான் துண்டு கல்லில் நிற்கும், பதியாவிட்டால் நழுவிவிடும். ஆகவே என் கல்லில் நிற்கும் துண்டு உங்கள் கல்லில் நிற்காது. ஒரு ஊரில் எல்லோரிடமும் ஒரே மாதிரி கல் இருந்தால், அதில் நிற்காத துண்டுகள் கொண்ட ஒரு கிருமி ஊரையே காலி செய்துவிடும். இவ்வளவு விதமான கற்கள் மனித இனத்தில் இருப்பதற்கு அதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. எனவே "கெட்ட மரபணு" என்று எதையும் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு தொற்றுக்கு நல்லதாக இருந்த கல், இன்சுலின் விஷயத்தில் கைவிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எச்எல்ஏவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிச்சத்துக்கு வந்தது 1970-களின் நடுவில். டென்மார்க்கில் யோர்ன் நெரூப் என்பவரின் குழுவும், இங்கிலாந்தில் லிவர்பூலில் கட்வொர்த்தும் உட்ரோவும், குழந்தைப் பருவ நோயாளிகளிடம் எச்எல்ஏ-பி என்ற மரபணுவின் பி8, பி15 என்ற வகைகள் வழக்கத்தைவிட அதிகம் இருப்பதைக் கண்டார்கள். பிறகுதான் தெரிந்தது, குற்றவாளி பி அல்ல, அதே தெருவில் சற்றுத் தள்ளியிருக்கும் டிஆர் என்று. இன்னும் பார்த்தால் டிஆருக்கும் அடுத்த வீடான டிக்யூ. இந்தத் தெருவில் எல்லா வீடுகளும் கூட்டமாகவே ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போவதால், ஒரு வீட்டைத் தனியாகப் பிரித்துக் குற்றம் சாட்டுவது கடினம். அந்தச் சிக்கலை அவிழ்க்கவே பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனது.

1987-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் டாட், ஜான் பெல், ஹியூ மெக்டெவிட் மூவரும் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அது. டிக்யூ புரதத்தின் பீட்டா சங்கிலியில் 57-ஆவது இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருந்தால் அந்த மனிதருக்கு நோய் வருவது அரிது. அந்த இடத்தில் அலனினோ வேறொன்றோ இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. இருநூறுக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் ஒரே ஒரு மணி! அந்த மணி இருப்பது நம் பணியாரக் கல்லின் கடைசிக் குழியின் ஓரத்தில். அஸ்பார்டிக் அமிலம் எதிர்மின்னேற்றம் கொண்டது. எதிரே இருக்கும் ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தோடு கைகோத்துக் குழியை ஒரு விதமாக இறுக்கி வைக்கிறது. அது இல்லாதபோது ஆர்ஜினினின் நேர்மின்னேற்றம் திறந்து கிடக்க, குழி வேறு விதத் துண்டுகளை ஏற்கிறது. ஜப்பானில் 1980-இல் அறிமுகமான, தானாகவே சர்க்கரை நோய் வரும் என்ஓடி என்ற எலி இனத்தின் ஈடான புரதத்திலும் அதே 57-ஆவது இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இல்லை. மனிதனும் எலியும் ஒரே இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள்.

குழி மாறினால் நோய் ஏன் வரவேண்டும்? இதற்குத் தைமஸ் என்ற சுரப்பிக்குப் போகவேண்டும். நெஞ்செலும்புக்குப் பின்னால், குழந்தைகளுக்குப் பெரிதாகவும் வயதாக ஆகச் சுருங்கியும் இருக்கும் அது டி செல்களின் பள்ளிக்கூடம். உடம்பின் சொந்தப் புரதத் துண்டுகளை எச்எல்ஏ கல்லில் வைத்து அங்கே காட்டுவார்கள். எந்த டி செல் அதைப் பார்த்துச் சீறுகிறதோ அதற்கு அங்கேயே கதை முடிந்தது. இப்போது இன்சுலினின் ஒரு துண்டு கல்லில் சரியாக நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால்? அதைப் பார்த்துச் சீறவேண்டிய செல் சரியாகப் பார்க்காமலேயே தேர்ச்சி பெற்று வெளியே வந்துவிடும். பிறகு ஒரு நாள், கணையத்தில் இன்சுலின் குவிந்து கிடக்கும் இடத்தில் அதே துண்டு ஏராளமாகக் காட்டப்படும்போது, அது எதிரியைக் கண்டதுபோல் பாயும். இன்றைக்குப் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது. இதற்கு வலு சேர்ப்பது இன்னொரு மரபணு: பதினோராவது குரோமோசோமில் இருக்கும் இன்சுலின் மரபணுவே. அதன் முன்னால் திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதி சிலருக்கு நீளமாகவும் சிலருக்குக் குட்டையாகவும் இருக்கும். நீளமாக இருப்பவர்களின் தைமஸில் இன்சுலின் அதிகம் உற்பத்தியாகிறது என்று 1997-இல் காட்டினார்கள். அவர்களுக்கு நோய் வாய்ப்பும் குறைவு. பள்ளிக்கூடத்தில் பாடம் கூடுதலாக நடந்தால் தவறானவர்கள் தப்புவது குறையும்.

57-ஆவது மணி முழுக் கதை அல்ல. ஜப்பானியர்களிடம் நோயோடு சேர்ந்து வரும் டிக்யூ வகைகளில் அந்த இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இருக்கிறது. இருந்தும் நோய் வருகிறது. அழகான விதிகளை ஒரு நாட்டில் கண்டுபிடித்து அடுத்த நாட்டில் தொலைப்பது மரபியலில் வாடிக்கை.

சரி, மாமியார் கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பிய வம்சாவளியினரில், சேர்ந்தே கைமாறும் டிஆர்-டிக்யூ வகைகளில் இரண்டு கூட்டங்கள் ஆபத்தானவை: டிஆர்3-டிக்யூ2, டிஆர்4-டிக்யூ8. அங்கே நோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் இவற்றில் ஒன்றாவது இருக்கும். ஆனால் நோயில்லாமல் நன்றாக நடமாடும் நூறு பேரில் சுமார் நாற்பது பேரிடமும் இருக்கும். மிக அதிக ஆபத்து யாருக்கு என்றால், ஒரு குரோமோசோமில் டிஆர்3, இன்னொன்றில் டிஆர்4 என்று இரண்டும் சேர்ந்திருப்பவர்களுக்கு. இது ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற கணக்கு அல்ல. டிக்யூ புரதம் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு பாதிகள் சேர்ந்த ஜோடி. தாயிடமிருந்து வந்த ஆல்ஃபாவும் தந்தையிடமிருந்து வந்த பீட்டாவும் குறுக்காகச் சேர்ந்து, இரு பெற்றோரில் யாரிடமும் இல்லாத புதிய கல் ஒன்று பிள்ளையின் உடம்பில் உருவாகிறது. அந்தக் கலப்புக் கல்தான் ஆபத்தை இப்படி ஏற்றுகிறது என்று கருதுகிறார்கள்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மகனிடம் இருக்கும் இரண்டு ஆறாவது குரோமோசோம்களில் ஒன்று உங்களுடையது. மற்றது உங்கள் கணவருடையது. கணவருக்கு அந்த எச்எல்ஏ தெரு வந்தது உங்கள் மாமியாரிடமிருந்து, இல்லாவிட்டால் மாமனாரிடமிருந்து. மூன்றாவது இடம் கிடையாது. "குழந்தைக்கு யாருக்கும் இல்லை" என்பதும் வாதமாகாது. இந்த நோய் வரும் குழந்தைகளில் 85 முதல் 90 சதவீதம் பேரின் குடும்பத்தில் வேறு யாருக்கும் அது இருப்பதில்லை. இரண்டு பக்கமும் தலைமுறைகளாகச் சத்தமில்லாமல் கிடந்த பாதிகள் ஒரு பிள்ளையில் சந்தித்துக்கொள்கின்றன.

டிஆர்3, டிஆர்4 இரண்டும் உள்ள அந்தக் குழந்தையின் நிலைதான் என்ன? அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு பேர் சொச்சம் அப்படிப் பிறக்கிறார்கள். அவர்களில் பதினைந்து வயதுக்குள் நோய் வருவது சுமார் இருபதில் ஒருவருக்கு. பொதுவாக முந்நூறில் ஒருவருக்கு வருவதோடு ஒப்பிட்டால் இது பெரிய எண்தான். ஆனால் திருப்பிப் படியுங்கள்: மிக மோசமான கூட்டணி என்று நாங்கள் சொல்லும் அந்த வகையிலேயே இருபதில் பத்தொன்பது குழந்தைகளுக்கு அந்த வயதுக்குள் எதுவும் வருவதில்லை. மறுபக்கம், டிக்யூ6 என்ற வகையில் ஒரு குறிப்பிட்ட உட்பிரிவு இருந்தால் அது கவசம் மாதிரி. வெள்ளையர்களில் ஐந்தில் ஒருவரிடம் இருக்கும் அது, நோய் வந்த குழந்தைகளில் நூற்றில் ஒருவரிடம்தான் தென்படும்.

இந்த எண்களெல்லாம் ஐரோப்பிய, அமெரிக்கக் கணக்கு. நம் நாட்டில் படம் கொஞ்சம் மாறும். தில்லி எய்ம்ஸில் நரிந்தர் மெஹ்ராவின் குழு பல்லாண்டு செய்த ஆய்வுகளில், இந்திய நோயாளிகளிடம் டிஆர்3தான் முன்னால் நிற்கிறது. அந்த டிஆர்3-ம் ஐரோப்பாவில் வரும் அதே கூட்டத்தோடு வருவதில்லை. அக்கம்பக்கத்து வீடுகள் வேறு. டிஆர்4 இங்கே பின்தங்குகிறது. அதில் பல உட்பிரிவுகள் உண்டு, நம்மிடம் பரவலாக இருப்பவற்றில் சில ஆபத்துக்குப் பதில் பாதுகாப்பு தருபவை. ஆய்வகத்துக்கு வருபவர்கள் சிலர், இணையத்தில் பார்த்த அட்டவணையை அச்செடுத்து வந்து, "எனக்கு டிஆர்4 போட்டிருக்கு, ஆபத்தா?" என்று கேட்பார்கள். உட்பிரிவு தெரியாமல் அதற்குப் பதிலே கிடையாது. மரபணுக்களைக் கூட்டிக் கணக்குப்போடும் மதிப்பெண் முறை ஒன்றையும் புனேயில் சோதித்துப் பார்த்தார்கள். டைப் 1-ஐயும் டைப் 2-ஐயும் பிரித்தறிய அது இந்தியர்களுக்கும் உதவியது. ஆனால் அது நோய் வந்தபின் இது எந்த வகை என்று சொல்ல. வராத குழந்தைக்கு வருமா என்று சொல்வது வேறு வேலை.

எச்எல்ஏ தவிர இன்னும் அறுபதுக்கு மேற்பட்ட மரபணு இடங்கள் பட்டியலில் இருக்கின்றன. டி செல்லின் பிரேக் போன்ற சிடிஎல்ஏ4, பிடிபிஎன்22, வைரஸ் நுழைந்ததைக் கண்டறியும் ஐஎஃப்ஐஎச்1 என்று. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. மரபணு ஆபத்தில் ஏறக்குறையப் பாதி எச்எல்ஏ தெருவுக்குத்தான். பிடிபிஎன்22-இன் ஆபத்தான வடிவம் ஐரோப்பாவில் பரவலாகவும் நம்மிடம் அரிதாகவும் இருக்கிறது. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

மரபணு மட்டும் போதாது என்பதற்கு மிக எளிய சாட்சி, ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே மரபணு. ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது, சில ஆண்டுகள் மட்டும் பார்த்தால் பாதிப் பேருக்கும் குறைவு. பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில்தான் அது மூன்றில் இரண்டு பங்கை எட்டியது. வந்தவர்களிலும் சிலருக்கு உடன்பிறந்தவருக்கு வந்து இருபது முப்பது வருடம் கழித்து. அந்த இருபது முப்பது வருடம் எதற்காகக் காத்திருந்தது?

இன்னொரு சாட்சி பின்லாந்து. உலகிலேயே டைப் 1 மிக அதிகம் உள்ள நாடு. எல்லைக்கு அப்பால் ரஷ்யாவின் கரேலியா. இரு பக்கத்து மக்களின் எச்எல்ஏ ஆபத்து வகைகள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பின்லாந்துப் பக்கம் நோய் ஆறு மடங்கு. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களின் குழந்தைகளில், 1970-களின் கடைசியில் ஆண்டுக்கு லட்சத்தில் மூன்று பேருக்கு வந்துகொண்டிருந்த நோய், பத்தே ஆண்டில் பன்னிரண்டை நெருங்கியது. பத்து ஆண்டில் யாருடைய மரபணுவும் மாறாது.

எனக்கு இதில் மிகவும் நெருக்கமான உதாரணம் டைப் 1 பற்றியதே அல்ல. கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கும் சீலியாக் நோய்க்கும் இதே டிக்யூ2, டிக்யூ8தான் அடித்தளம். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இருந்த ராமகிருஷ்ணா தலைமையில் நாட்டின் வடக்கிலும் வடகிழக்கிலும் தெற்கிலும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பரிசோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். அந்த மரபணு வகைகள் மூன்று பகுதியிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகவோ அதை ஒட்டியோ ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. நோயோ வடக்கில் ஆயிரத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு, தெற்கில் பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய ஒருவருக்கு. வித்தியாசம் தட்டில் இருந்தது: அங்கே சப்பாத்தி, இங்கே சோறு. மரபணு கதவைத் திறந்து வைக்கிறது; யார் உள்ளே வருகிறார்கள் என்பது வேறு கதை.

சீலியாக்கில் உள்ளே வருபவர் கோதுமை என்று தெரியும். டைப் 1-இல் அந்த ஆளை இன்னும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. காக்சாக்கி போன்ற குடல்வழி வைரஸ்கள் மீது சந்தேகம் வலுவாக இருக்கிறது. பசும்பால்தான் காரணம் என்ற எண்ணத்தில், புரதத்தைச் சிதைத்த பால்மாவைக் கொடுத்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பத்து ஆண்டுக்கு மேல் கவனித்தார்கள், நோய் குறையவில்லை. தடுப்பூசியால் வருவதில்லை. நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது இனிப்பு சாப்பிட்டதாலோ, பையனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்ததாலோ வருவதும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மரபணுப் பழி ஓய்ந்ததும் அடுத்த பழி அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் மகள். உடன்பிறந்தவருக்கு டைப் 1 இருக்கும் குழந்தைக்கு வாய்ப்பு, மேற்கத்தியக் கணக்கில் இருபதில் ஒன்று. நோய் மொத்தத்தில் குறைவாக உள்ள நம் ஊரில் அதைவிட அதிகமாக இருக்கும் என்று நினைக்கக் காரணம் இல்லை. எச்எல்ஏ தெரு முழுதாகவே கைமாறுவதால், அண்ணனோடு இரண்டு பக்கமும் அப்படியே பொருந்திப் பிறக்க அவளுக்குக் கால்வாசி வாய்ப்பு, ஒரு பக்கம் மட்டும் பொருந்த அரைவாசி, எதுவும் பொருந்தாமல் இருக்கக் கால்வாசி. இரண்டு பக்கமும் பொருந்தினால் ஆபத்து கூடும். எதுவும் பொருந்தாவிட்டால் நன்றாகக் குறையும். இதை ஆய்வகத்தில் பார்த்துச் சொல்ல முடியும். ஆனால் சொல்லிவிட்டு என்ன செய்வது? பொருந்தினால் அவளுக்குத் தரும் மருந்து எதுவும் இல்லை, உணவு மாற்றம் எதுவும் இல்லை. இருக்கும் ஒரே வேலை கண்காணிப்பு. அதை மரபணு பார்க்காமலேயே செய்யலாம். பணத்தைச் செலவழித்து, நாலு வயதுப் பெண்ணின் மேல் வாழ்நாள் முத்திரை குத்தவேண்டாம் என்பது என் கருத்து. நாளைக்குக் கல்யாணப் பேச்சில் அந்தக் காகிதம் என்ன பாடுபடும் என்பதையும் நம் ஊரில் இருந்துகொண்டு யோசிக்காமல் இருக்க முடியாது.

மரபணுப் பரிசோதனை சிகிச்சையையே மாற்றும் இடம் ஒன்று உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்தால் அது பெரும்பாலும் டைப் 1 அல்ல, ஒற்றை மரபணுக் கோளாறு. அதில் சில வகைகளுக்கு இன்சுலினை நிறுத்தி மாத்திரையிலேயே சமாளிக்கலாம். அந்தப் பரிசோதனைக்குச் சென்னையிலேயே வழி இருக்கிறது. உங்கள் மகனுக்கு எட்டு வயது என்பதால் அது பொருந்தாது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தலாம்.

மகளுக்கு நான் பரிந்துரைப்பது ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் பரிசோதனை. பீட்டா செல்கள் மேல் தாக்குதல் தொடங்கிவிட்டால், சர்க்கரை ஏறுவதற்குப் பல மாதம், ஏன் பல வருடம் முன்பே, ரத்தத்தில் அதன் தடயம் தெரியும். இன்சுலின், ஜிஏடி, ஐஏ-2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 என்று பீட்டா செல்லில் இருக்கும் நான்கு புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் அவை. இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், சர்க்கரை அளவு சரியாகவே இருந்தாலும், அதையே டைப் 1-இன் முதல் கட்டம் என்று 2015-இலிருந்து கணக்கில் எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோது பத்து ஆண்டுக்குள் நூற்றில் எழுபது பேருக்கு நோய் வந்தது. ஒன்று மட்டும் இருந்தவர்களில் அது நூற்றுக்குப் பதினைந்து. மரபணு "வரலாம்" என்று மட்டும் சொல்லும்; ஆன்டிபாடி "தொடங்கிவிட்டது" என்று சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. ஆய்வகத்தில் கேட்டால் ஜிஏடி மட்டும் எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம். சின்னக் குழந்தைகளில் பெரும்பாலும் முதலில் தலைகாட்டுவது இன்சுலினுக்கு எதிரானது. ஜிஏடி மட்டும் பார்த்து "நெகட்டிவ்" என்று நிம்மதியாகிவிடக் கூடாது. நான்கும் பார்க்க முடியுமா என்று குழந்தைகளுக்கான எண்டோகிரைன் (ஹார்மோன்) மருத்துவரிடம் கேளுங்கள். இன்று நெகட்டிவ் என்றால் நாளைக்கும் நெகட்டிவ் என்று பொருளில்லை. சில ஆண்டு இடைவெளியில் திரும்பப் பார்க்கவேண்டும்.

தெரிந்து என்ன பயன் என்று இங்கேயும் கேட்கலாம். பயன் இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் ஏறக்குறைய 90,000 குழந்தைகளைச் சோதித்து, நோய் வெளியே தெரியாத 280 பேரைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பங்களுக்குப் பயிற்சி கொடுத்ததால், பின்னால் நோய் வெளிப்பட்டபோது உங்கள் மகன் வந்த நிலையில், வாந்தியும் மூச்சிரைப்புமாக, வந்தவர்கள் மிகச் சிலரே. இத்தாலி 2023-இல் சட்டம் போட்டே குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. டெப்லிசுமாப் என்ற மருந்து, எட்டு வயதும் அதற்கு மேலும் ஆகி, இரண்டாம் கட்டத்தில் (ஆன்டிபாடிகளோடு சர்க்கரை அளவும் லேசாக மாறத் தொடங்கி, ஆனால் அறிகுறி இல்லாத நிலையில்) இருப்பவர்களுக்கு நோயைச் சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போடுகிறது என்று 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை நமக்கெல்லாம் எட்டாத உயரம். ஆனாலும் டி செல்லைத் தொட்டு இந்த நோயைத் தள்ளிப்போட முடியும் என்று முதன்முதலில் காட்டியது அதுதான்.

பரிசோதனையே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் தவறில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் ஏற்கெனவே இருக்கிறது. மகள் திடீரென்று படுக்கையை நனைக்க ஆரம்பித்தால், தண்ணீர் அதிகம் கேட்டால், இளைத்தால், அன்றைக்கே ஒரு விரல் குத்திப் பாருங்கள். புது ஊசிமுனை போட்டு. 200-க்கு மேல் காட்டினால் காலை வரை காத்திருக்க வேண்டாம், இரவே கிளம்புங்கள். எதுவும் இல்லாதபோது தினமும் குத்திக்கொண்டிருக்கவும் வேண்டாம், அவள் குழந்தை.

மகன் விஷயத்தில் இரண்டு. டைப் 1 வந்த பிள்ளைகளுக்குத் தைராய்டும் சீலியாக்கும் சேர்ந்து வரும் வாய்ப்பு உண்டு. அதற்கும் இதே தெருதான் காரணம். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் பரிசோதனையும், டிடிஜி என்ற சீலியாக் ஆன்டிபாடி பரிசோதனையும் எடுத்தாயிற்றா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொல்லி இரவில் சப்பாத்திக்கு மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்புறம், அவன் வளர்ந்து தகப்பனாகும்போது அவன் பிள்ளைக்கு வருமா என்று உறவினர் யாராவது இப்போதே கேட்பார்கள். தந்தைக்கு டைப் 1 இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு நூற்றுக்கு ஆறு, தாய்க்கு இருந்தால் அதிலும் பாதி. கேட்பவரிடம் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு, அவன் இன்னும் மூன்றாம் வகுப்புதான் படிக்கிறான் என்பதையும் சொல்லுங்கள்.